சிறுதோணிக் கடற்பயணமும் தன்காப்பும்

கடலிற் செல்வோர்க்கு வழிகாட்டி ஒருவர் உடன்வருதல் பெருந்துணையே. ஆயின், காவல் முழுவதும் அவர் பொறுப்பென்று பிறர் வாளாவிருத்தல் ஆபத்துக்கு இடமாகும். ‘கயாக்’ என்னும் ஒடுங்கிய துடுப்புத் தோணிகளில் உல்லாசப் பயணிகளை அழைத்துச் செல்லும் வழக்கம் திருக்கோணமலை, கற்பிட்டி முதலிய இடங்களில் இன்று உளதாகலின், இதனை ஆராய்தல் நம்மவர்க்குப் பயன்தரும்.

1993ஆம் ஆண்டு மார்ச் 22ஆந் தேதி, இங்கிலாந்தின் லைம் குடாவில் ஒரு பெருந்துயர் நிகழ்ந்தது. பிளிமத் நகரத்துப் பாடசாலை மாணவர் எண்மர், ஆசிரியர் ஒருவரோடும் பயிற்றுநர் இருவரோடும் லைம் ரீஜிஸிலிருந்து சார்மத்துக்குப் புறப்பட்டனர். தூரம் ஏறத்தாழ இரண்டே மைல். சிறிது நேரத்தில் ஆசிரியரின் தோணி கவிழ்ந்தது. பயிற்றுநர் ஒருவர் அவரை மீட்க முயன்றுகொண்டிருக்க, மற்றவர் மாணவரின் தோணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கச் செய்தார். கரையினின்று வீசிய காற்று அக்கூட்டத்தைக் கடலுக்குள்ளே தள்ளிற்று. தோணிகள் நீர் நிரம்பி அமிழ்ந்தன. அபாயங் காட்டும் ஒளிவாணம் ஒன்றேனும் அவர்களிடம் இல்லை. நண்பகலளவிற் சேரவேண்டியவரைக் குறித்துக் கரைகாவற் படைக்குச் செய்தி சென்றதோ பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னர். மாணவர் நால்வர் இறந்தனர். அப்பயிற்சி நிலையத்தின் குறைகளை, முந்திய ஆண்டிலேயே அங்கிருந்து விலகிய பயிற்றுநர் இருவர் எழுத்தில் எச்சரித்திருந்தனர் என்பது நெஞ்சை உறுத்துகின்றது. 1994இல் நிலையத்தை நடத்திய நிறுவனம் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டது. 1995இல் இளையோரின் பாதுகாப்புக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது.

சட்டம் நிற்க. ஒரு தோணி கவிழ்ந்தமையால் வழிகாட்டிகள் இருவரும் கைகட்டப்பட்டவர் போலாயினர் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

காற்றின் இயல்பையும் நோக்குக. கரையினின்று வீசும் காற்று, கரையோரத்து நீரில் அலையை எழுப்புவதில்லை. ஓடுதற்கு வெளி கிடைத்த பின்னரே அலை வளரும். எனவே கரையில் நிற்பவன் கண்ணுக்குக் கடல் குளம்போலத் தோன்றும். திரும்பும்போதுதான் எதிர்காற்று தெரியும். வைகாசி முதற் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று வெள்ளவத்தைக் கரையில் அலையை மோதி நம்மை அச்சுறுத்தும். அதே காற்று நிலத்தைக் கடந்து திருக்கோணமலையில் கடல்நோக்கி வீசுகின்றது. கொழும்பிலிருந்து விடுமுறைக்குச் செல்வோர் அங்குள்ள அமைதியைக் கண்டு ஏமாறுதல் எளிது.

நமது கடல்நீர் வெதுவெதுப்பானது. லைம் குடாவிற்போலக் குளிர் விரைந்து கொல்லாது. வெயிலும் தாகமும் களைப்புமே இங்குப் பகை. ஆதலின் தன் குடிநீரும் தொப்பியும் விசிலும் ஒவ்வொருவரும் தம்மிடமே வைத்திருத்தல் வேண்டும். உயிர்காப்பு அங்கியை இறுகக் கட்டுதல் வேண்டும். கவிழ்ந்த தோணியை விடாது பற்றவும், மீண்டும் ஏறவும் இடுப்பளவு நீரிலே முன்னரே பழகுக. ‘நீர் ஒருவரை மீட்கும்போது நாங்கள் யாது செய்வோம்?’ என்று வழிகாட்டியை வினவுதல் மரியாதைக் குறைவன்று. மறுமொழி கூறத் தடுமாறுவாராயின் அன்று கரையிலே தங்குதல் நன்று.

புறப்படுமுன், செல்லும் வழி, ஆட்டொகை, திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதிக் கரையிலுள்ள ஒருவரிடம் கொடுத்தல் வேண்டும். குறித்த நேரம் கடந்து எத்துணை நிமிடம் பொறுப்பது, அதன்பின் பொலிசாரின் 119ஆம் இலக்கத்துக்கு அறிவிப்பவர் யார் என்பனவும் அத்தாளிலேயே இருத்தல் வேண்டும்.