மீ செட் சத்தம்: சைலன்சருக்கு முன்னாடி ரப்பரைப் பாருங்க

போன எபிசோட்ல, சைலன்சர் மாட்டின குட்டைக்குழல் துப்பாக்கியில பின்னால இருக்கிற பஃபரை ஏன் மாத்துறாங்கனு அஞ்சு நிமிஷம் பேசினோம். சைலன்சர் வாயுவை உள்ளேயே கொஞ்சம் பிடிச்சு வைக்குது. அந்த அழுத்தம் பின்பக்கமா திரும்பி வருது, உள்ளே ஓடுற பாகம் வேகமா பின்னால போய் முட்டுது. அதனால எடையையும் ஸ்பிரிங்கையும் மாத்தி அந்த ஓட்டத்தைத் தணிக்கிறாங்க. சத்தத்துக்கு ஒரு பாகம் மாட்டினா அதிர்ச்சிக்கு இன்னொரு பாகத்தைத் திரும்பிப் பார்க்கணும். அன்னைக்குச் சொன்னது அவ்வளவுதான்.

அதைக் கேட்டுட்டு யாங்கோன்ல இருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார். "துப்பாக்கிய விடுங்க அண்ணா, எங்க மீ செட்டுக்கு இதே கதைதான். பெரிய சைலன்சர் மாட்டினோம். ரோட்டுல சத்தம் குறைஞ்சுது, ஆனா மேல்மாடியில கட்டில் ஆடுதாம்."

பர்மிய மொழியில மீ செட்னா ஜெனரேட்டர். மின்சாரம் போனா 'மீ ப்யெட்', வந்தா தெருவே 'மீ லா' னு கத்தும். 2021க்கு அப்புறம் யாங்கோன்ல மின்சாரம் அட்டவணை போட்டு மணிக்கணக்குலதான் வருது. நகர மையத்துல, கொன்ஸேடான் தெரு காளி கோயிலைச் சுத்தி இருக்கிற தெருக்கள்ல நடந்தா இதைக் காதாலேயே தெரிஞ்சுக்கலாம்: கடைக்குக் கடை நடைபாதையில ஒரு மெஷின். 1850கள்ல ஆங்கிலேயர் கோடு போட்ட நகரம் அது. நம்பர் போட்ட சின்னத் தெருக்களோட அகலம் முப்பது அடி, அதாவது ஒன்பது மீட்டர் சொச்சம். ரெண்டு பக்கமும் லிஃப்ட் இல்லாத மாடிக் கட்டடங்கள். திறந்த வெளியில தூரம் இரட்டிக்கும்போது சத்தம் 6 டெசிபெல் குறையணும். ஆனா இந்த மாதிரி சந்துல சுவர்ல பட்டுப் பட்டுத் திரும்புறதால அந்தக் கணக்கு அப்படியே வேலை செய்யாது.

நேயர் வீட்டுல தரைத்தளத்துல மளிகைக் கடை. ஃப்ரீசர் இருக்கு, அதனால மெஷின் இல்லாம முடியாது. மேல் வீட்டுல கைக்குழந்தை. ரெண்டு குடும்பமும் பல வருஷப் பழக்கம், இப்போ பேச்சுவார்த்தை குறைஞ்சுபோச்சு. கேள்வி இவ்வளவுதான்: எந்த ரப்பர் வாங்கணும்?

வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை. நம்ம ஊர்ல சைலன்சர்னு சொன்னா யாருக்கும் துப்பாக்கி ஞாபகம் வராது, பைக்தான் வரும். ரெண்டும் ஒரே குடும்பம். மாக்சிம் மெஷின்கன்னைக் கண்டுபிடிச்ச ஹைரம் மாக்சிமோட மகன் ஹைரம் பெர்சி மாக்சிம்தான், 1909ல அமெரிக்காவுல துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினவர். மோட்டார் வண்டித் தொழில்ல இருந்தவர். அவரோட கம்பெனி பின்னாடி இன்ஜின்களுக்கும் தொழிற்சாலை மெஷின்களுக்கும் சைலன்சர் செய்யப் போயிடுச்சு. (1914ல அமெரிக்க அமெச்சூர் ரேடியோ சங்கத்தை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரும் இவர்தான். இதுக்கே தனி எபிசோட் போடலாம்.)

இப்போ மேல்மாடிக் கட்டில். ஜெனரேட்டர்ல இருந்து தொந்தரவு ரெண்டு வழியில வெளியே போகுது. ஒண்ணு காத்து வழியா: புகைக்குழாய்ச் சத்தம், இன்ஜின் உடம்போட சத்தம். இன்னொண்ணு தரை வழியா: மெஷின் குதிக்குது, தரை ஆடுது, தூண் ஆடுது, மேல்மாடித் தளம் ஒரு ஸ்பீக்கர் மாதிரி ஆகிடுது. சைலன்சர் முதல் வழியை மட்டும்தான் அடைக்கும், அதையும் முழுசா அடைக்காது. உதாரணத்துக்கு, குழாயைப் போல மூணு மடங்கு விட்டம் உள்ள ஒரு வெற்று அறையை சைலன்சரா வெச்சா, கணக்குப்படி அதிகபட்சம் 13 டெசிபெல் கிடைக்கும். ரெண்டு மடங்கு விட்டம்னா ஆறரைதான். அதுவும் எல்லா சுருதிக்கும் கிடைக்காது. சூடான புகையில ஒலி வினாடிக்கு சுமார் 500 மீட்டர் ஓடுதுனு வெச்சுக்கிட்டா, 30 சென்டிமீட்டர் நீள அறை 400 ஹெர்ட்ஸ் பக்கத்துலதான் நல்லா வேலை செய்யும். இன்ஜினோட அடித்தொண்டைச் சத்தம் 12, 25 ஹெர்ட்ஸ்ல இருக்கு. அது அந்த அறையைக் கண்டுக்காமலே போயிடும். 'டர்ர்ர்' போகும், 'டும் டும்' நிக்கும்.

அந்த எண்கள் எங்கிருந்து வருது? 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தர்ற சின்ன பெட்ரோல் மெஷின் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்தும், அதாவது வினாடிக்கு 50. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் வெடிக்கும், அதனால வினாடிக்கு 25 அடி. 1500 சுத்து ஓடுற ஒத்தை சிலிண்டர் டீசல்னா வினாடிக்கு 12.5 அடிதான். நேயர்கிட்ட இருக்கிறது இந்த ரெண்டாவது ரகம். இதுதான் ரொம்பக் கஷ்டமான ரகம்.

ரப்பர்ல மெஷினை வெச்சா அது ஒரு ஸ்பிரிங் மேல இருக்கிற எடை. அதுக்குனு ஒரு சொந்த ஆட்ட வேகம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க லேப் எல்லாம் வேண்டாம், ஒரு ஸ்கேல் போதும். மெஷினை வெச்சதும் ரப்பர் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குதுனு பாருங்க. அந்த எண்ணோட வர்க்கமூலத்தால 5ஐ வகுத்தா ஹெர்ட்ஸ் வந்துடும். 4 மில்லிமீட்டர், அதாவது 0.4 சென்டிமீட்டர் அமுங்கினா கிட்டத்தட்ட 8 ஹெர்ட்ஸ். 1 மில்லிமீட்டர்தான் அமுங்குதுனா கிட்டத்தட்ட 16.

இன்ஜின் அடிக்கிற வேகம் இந்தச் சொந்த வேகத்தைப் போல 1.4 மடங்குக்கு மேல இருந்தாதான் ரப்பர் அதிர்வைக் குறைக்கும். அதுக்குக் கீழே போனா ரப்பர் அதிர்வைக் கூட்டும். இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டாலே கடையில பாதி ஏமாத்தம் தப்பும்.

நேயர் வெச்சிருந்தது லாரி டயர்ல வெட்டின கெட்டித் துண்டுகள். பார்க்க வலுவா இருக்கும், அமுங்குறது ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஒரு மில்லினே வெச்சுக்கிட்டாலும் சொந்த வேகம் 16, இன்ஜின் அடி 12.5. கணக்குப் போட்டா தரைக்குப் போற விசை ரெண்டரை மடங்குக்கு மேல ஆகுது. ரப்பரே இல்லாம நேரா சிமென்ட்ல போல்ட் போட்டிருந்தாலும் மேல்வீட்டுக்கு இதைவிட நல்லதா இருந்திருக்கும்! 4 மில்லி அமுங்குற ரப்பர்? அதுலயும் மூணுல ரெண்டு பங்கு கீழே போயிடும். அஞ்சுல ஒரு பங்கா குறைக்கணும்னா கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் அமுங்கணும். அவ்வளவு அமுங்குறதுக்கு சாதாரண ரப்பர் துண்டு தாங்காது, ஸ்டீல் ஸ்பிரிங்கும் ரப்பரும் சேர்ந்த மவுண்ட் வேணும். அதே 4 மில்லி ரப்பரை 3000 சுத்து பெட்ரோல் மெஷினுக்குப் போட்டா ஒன்பதுல ஒரு பங்குதான் கீழே போகும். ரப்பர் அதேதான், மெஷின் மாறினதும் விடை மாறிடுச்சு. அதனாலதான் "நல்ல ரப்பர் எது"ங்கிற கேள்விக்கு நேர் பதில் கிடையாது. (ஓடும்போது ரப்பர் ஸ்கேல்ல காட்டினதைவிட விறைப்பா நடந்துக்கும். அதனால கணக்கு சொல்றதைவிடக் கொஞ்சம் மெதுவானதாவே எடுங்க.)

கடையில இன்னொரு பழக்கம் இருக்கு. மெஷின் 180 கிலோ, மவுண்ட் நாலு, தலைக்கு 45 கிலோ. கடைக்காரர் "இருநூறு கிலோ தாங்குறது எடுங்க தம்பி, கேரண்டி" னு சொல்வார். 200 கிலோவுக்குச் செஞ்ச மவுண்ட் 45 கிலோவுக்கு அசையாது, கல்லு மாதிரி நிக்கும். பஃபர்ல 'ஓவர்' ஆகப் போடுறது பாதுகாப்பு இல்லை, அந்த வேலையையே கெடுக்கிறது. இன்னும் ஒண்ணு: இன்ஜின் பக்கம் எடை அதிகம், ஆல்டர்னேட்டர் பக்கம் குறைவு. ஒரு பக்கம் 110, மறுபக்கம் 70னா ஒரு மவுண்டுக்கு 55, 35. நாலும் ஒரே அளவு அமுங்குற மாதிரி ரெண்டு ரகம் வாங்கணும். இல்லைனா மெஷின் சாய்ஞ்சு நின்னு ஆடும்.

ஸ்டார்ட் ஆகும்போதும் நிக்கும்போதும் இன்ஜின் அந்தச் சொந்த வேகத்தைக் கடந்துதான் போகணும். அந்த ஒரு வினாடி மெஷின் பேய் பிடிச்ச மாதிரி குதிக்கும். ஸ்டீல் ஸ்பிரிங் மட்டும் இருந்தா அடங்க நேரமாகும், ரப்பர் தன்னாலேயே கொஞ்சம் தணிக்கும். ரெண்டும் சேர்ந்தது வேணும்னு சொன்னதுக்கு இதுவும் காரணம். இடமும் காசும் இருந்தா மெஷினுக்குக் கீழே கனமான கான்கிரீட் பலகை போட்டு, அதுக்குக் கீழே மவுண்ட் வைக்கலாம். எடை கூடினா குதிக்கிற தூரம் குறையும். துப்பாக்கி பஃபர்ல எடை கூட்டுற அதே யோசனைதான்.

சரி, சைலன்சர் இதுல எங்கே வருது? மெஷினை மெதுவான மவுண்ட்ல வெச்சுட்டு, புகைக்குழாயை இரும்புக் கிளாம்ப் போட்டு சுவர்ல இறுக்கினா, அதிர்வு குழாய் வழியாவே சுவருக்குப் போயிடும். மவுண்டுக்குக் கொடுத்த காசு வீண். நேயர் வீட்டுல நடந்ததுல பாதி இதுதான்: புது சைலன்சர் பழசைவிட ரொம்பக் கனம், அதைத் தாங்குறதுக்கு மேல்வீட்டுத் தளத்துல கொக்கி அடிச்சிருக்காங்க. இன்ஜினுக்கும் குழாய்க்கும் நடுவுல ஸ்டீல் பெல்லோஸ் வளைகுழாய் ஒண்ணு போடணும். சைலன்சரைத் தனியா, தரையில நிக்கிற ஒரு ஸ்டாண்டுல தாங்கணும். டீசல் ட்யூபும் மின் கேபிளும்கூடக் கொஞ்சம் தொய்வா வரணும்.

பெரிய சைலன்சர் போதலைனு அதுக்குப் பின்னால இன்னொண்ணு கோத்து மாட்டுறவங்களும் உண்டு. வேண்டாம். புகை வெளியே போக முடியாம இன்ஜின் மூச்சுத் திணறும், சக்தி குறையும், எக்ஸாஸ்ட் வால்வு சூடாகும், கரும்புகை வரும். குழாய் விட்டம் இன்ஜின் வாயைவிடச் சின்னதா எங்கேயும் ஆகக்கூடாது.

இதுல உயிர் சம்பந்தப்பட்டது ஒண்ணு இருக்கு. சத்தத்தை அடக்க சனங்க முதல்ல செய்றது மெஷினை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துறது, இல்லைனா பெட்டி கட்டி மூடுறது. புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்துல ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்துல, அதைவிட இருநூறு மடங்குக்கும் மேல பலமா ஒட்டிக்கும். தலைவலி, தூக்கம், அப்புறம் எழுந்திருக்கிறதே இல்லை. பின்பக்கச் சந்துல புகையை விட்டாலும் அது மேல்மாடி ஜன்னல் வழியா உள்ளே போகும். இந்தியாவுல 2005ல இருந்து செய்ற 1000 கேவிஏ வரைக்குமான டீசல் ஜென்செட்டுக்கு மூடிய பெட்டியோடதான் விக்கணும், பெட்டியில இருந்து ஒரு மீட்டர்ல 75 டெசிபெல்லைத் தாண்டக்கூடாதுனு சட்டம் இருக்கு. ஆனா அந்தப் பெட்டியில காத்து வர வழி, சூடு போக வழி, புகைக்குத் தனிக் குழாய் எல்லாம் கணக்குப் போட்டு வெச்சிருப்பாங்க. ஒட்டுப்பலகையும் மெத்தையும் வெச்சு வீட்டுல கட்டுற பெட்டி அது இல்லை. புகைக்குழாயை மொட்டைமாடிக்கு மேல கொண்டுபோக முடியலைனா, அந்த இடத்துல ஜெனரேட்டர் ஓட்டாதீங்க.

மாடி வீட்டுல இருக்கிறவங்களுக்கு என் அபிப்பிராயம் ஒரே வரி: ரப்பர் வாங்குற காசை பாட்டரியில போடுங்க. ஒரு ஃபேன், மூணு எல்இடி, ரவுட்டர், லேப்டாப் எல்லாம் சேர்ந்து சுமார் 150 வாட். எட்டு மணி நேரத்துக்கு 1.2 யூனிட். 24 வோல்ட், 100 ஆம்பியர் அவர் லித்தியம் பாட்டரி ஒண்ணு அதை நிம்மதியாத் தாங்கும். நேயருக்கும் இதுல பாதி உதவும்: ஃப்ரீசருக்குப் பகல்ல மெஷின், அப்பவே பாட்டரி சார்ஜ், ராத்திரி மெஷின் ஆஃப். மூடியே வெச்ச ஃப்ரீசர் சில மணி நேரம் தாங்கும்.

மாத்தினது வேலை செய்யுதானு பார்க்க டெசிபெல் ஆப் போதாது. அந்த ஆப்கள் பெரும்பாலும் மனுசக் காதுக்கு ஏத்த மாதிரி எடை போட்டுக் காட்டும். 25 ஹெர்ட்ஸ்ல அது 45 டெசிபெல் அளவுக்குக் குறைச்சுக் காட்டும். நீங்க "சத்தமே இல்லையே" ம்பீங்க, மேல்வீட்டு அக்கா தூங்கியிருக்க மாட்டாங்க. அதுக்குப் பதிலா ஜெர்மனியில ஆஹன் பல்கலைக்கழகத்துல உருவாக்கின ஃபைஃபாக்ஸ் ஆப்பை இறக்குங்க, இலவசம். போன்ல இருக்கிற அதிர்வு சென்சாரை வெச்சு எந்த ஹெர்ட்ஸ்ல எவ்வளவு ஆட்டம்னு படமாக் காட்டும். மெஷின் சட்டத்துல ஒரு தடவை, பக்கத்துத் தரையில ஒரு தடவை, அப்புறம் மேல்வீட்டுல அனுமதி கேட்டுட்டு அவங்க கட்டில் பக்கத்துல ஒரு தடவை. 12.5ல நிக்கிற அந்த முள்ளு மூணு இடத்துலயும் எவ்வளவு உயரம்னு எழுதி வெச்சுக்கிட்டு, அப்புறமா மவுண்ட் மாத்துங்க. ரப்பர் மேல டீசலும் ஆயிலும் சொட்டாமப் பார்த்துக்குங்க, இயற்கை ரப்பர் ஊறி உப்பிடும். நைட்ரைல் இல்லைனா நியோப்ரீன் கேட்டு வாங்குங்க. அம்பது மணி நேரம் ஓடினதும் நட்டு எல்லாத்தையும் ஒரு சுத்து இறுக்கிட்டு, திரும்பவும் மேல்வீட்டுக்குப் போனோட போய் அளந்துட்டு வாங்க.