வெளியேறிய பின்னும் ஓடும் கணிப்பொறி வேலை

மாணவர்களே! தொலைவிலுள்ள ஒரு லினக்ஸ் கணிப்பொறியில், கட்டளைகளைத் தட்டச்சு செய்து, பெரிய கணக்கு ஒன்றை ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது முடிய 30 மணி நேரமாகும். 29-ஆம் மணியில் உங்கள் வீட்டில் மின்சாரம் போய் இணைப்பு அறுந்துவிடுகிறது. தொலைவிலுள்ள கணிப்பொறிக்கு ஒரு கேடும் இல்லை. ஆயினும் மறுநாள் உள்ளே நுழைந்து பார்த்தால் கணக்கைக் காணோம்! அதைக் கொன்றது யார்?

விடை காண யூனிக்ஸின் இளமைக் காலத்துக்குச் செல்ல வேண்டும். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதை உருவாக்கத் தொடங்கினார்கள். அக்காலத்தில் பலர் ஒரே கணிப்பொறியைப் பங்கிட்டுக்கொண்டனர். தட்டச்சுப்பொறி போன்ற முனையத்திலிருந்து, சில வேளைகளில் தொலைபேசிக் கம்பி வழியாகவும், கட்டளை இடுவார்கள். ஒருவர் தொலைபேசியை வைத்துவிட்டால் அவருடைய நிரல்கள் யாருக்காக ஓடுவது? கேட்பாரற்று இடத்தை அடைத்துக்கொண்டல்லவா கிடக்கும்! ஆகவே இணைப்பு அறுந்ததும் அந்நிரல்களுக்கு ஒரு சைகை போகும். ‘தொலைபேசியை வைத்தாயிற்று’ என்பது அதன் பொருள். வேறு ஏற்பாடு செய்துகொள்ளாத நிரல் அத்துடன் மடியும். யூனிக்ஸ் சைகைகளுக்கெல்லாம் எண் உண்டு. இதன் எண் 1. 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸும் இவ்வழக்கத்தையே மேற்கொண்டது. உங்கள் கணக்கைக் கொன்றதும் இச்சைகைதான்.

தப்பும் வழி ஒன்று, நிரலைச் செவிடாக்கிவிடுவது. ‘நோஹப்’ என்னும் கட்டளையுடன் தொடங்கிய நிரல் இச்சைகையைப் பொருட்படுத்தாது. விடைகளைக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். ஆனால் மீண்டும் அதனுடன் உரையாட முடியாது.

இன்னொரு வழி, இடையில் ஒருவரை நிறுத்துவது. 1987-இல் பெர்லினில் தோன்றிய ‘ஸ்கிரீன்’, 2007-இல் வந்த ‘டீமக்ஸ்’ ஆகியவை அத்தகையவை. இவை தொலைவுக் கணிப்பொறியிலேயே ஒரு பொய் முனையத்தைப் படைத்து, அதை நிரலிடம் காட்டுகின்றன. நிரல் அதனுடன்தான் பேசுகிறது; நீங்கள் அதை எட்டிப் பார்க்கிறீர்கள், அவ்வளவே. கொட்டகையில் ஒருவர் எழுந்து போனால் நாடகம் நின்றுவிடுமா? திரும்பி வந்து அமர்ந்தால் அடுத்த காட்சி நடந்துகொண்டிருக்கும்.

எழுத்துக்கு இது சரி, படங்களும் சன்னல்களும் நிறைந்த முழுத்திரைக்கு என்ன செய்வது? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஓர் ஆய்வுக்கூடம் 1998-இல் வெளியிட்ட வி.என்.சி. இதற்கு வழி காட்டியது. லினக்ஸில் அது கண்ணாடித் திரையே இல்லாமல் நினைவகத்தில் ஒரு திரையை வரைகிறது. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்றால் ஏறத்தாழ 83 லட்சம் பைட் போதும். மாறிய பகுதிகளை மட்டும் உங்களுக்கு அனுப்பும். நீங்கள் இணைப்பைத் துண்டித்தாலும் அத்திரை அங்கேயே இருக்கும். ஆனால் அதன் பட்டியலில் ‘வெளியேறு’ என்பதை அழுத்தினால், திறந்திருந்த சன்னல்கள் மூடப்பட்டு அமர்வே முடிந்துவிடும். துண்டிப்பது வேறு, வெளியேறுவது வேறு. பலர் ஏமாறுவது இங்கேதான்.

2016-இல் இதில் ஒரு சச்சரவு எழுந்தது. பல லினக்ஸ் வகைகளை இயக்கி நடத்தும் ‘சிஸ்டம்டி’, தன் 230-ஆம் பதிப்பில், பயனர் வெளியேறியதும் அவர் விட்டுச்சென்ற நிரல்களையெல்லாம் நிறுத்துவதை இயல்பான வழக்கமாக்கிற்று. ஸ்கிரீனும் டீமக்ஸும் கூடத் தப்பவில்லை. எதிர்ப்பு கிளம்பியது, டெபியன் போன்ற வகைகள் அவ்வழக்கத்தை அணைத்துவைத்தன. என் பார்வையில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. நூறு பேர் பயிலும் கல்லூரிக் கணிப்பொறியில், போனவர்களின் நிரல்கள் தேங்கினால் இருப்பவர்களுக்கு இடமேது? இதற்காகவே ‘லிங்கர்’ என்னும் அனுமதி உள்ளது. அதைப் பெற்ற பயனருக்கு, அவர் இல்லாதபோதும் ஒரு மேலாள் நிரல் விழித்திருக்கும். அதனிடம் ஒப்படைத்த வேலை தொடரும்.

தொலைவுக் கணிப்பொறியே அணைந்துவிட்டால் மேற்சொன்ன எதுவும் உதவாது. அதனால்தான் நாள்கணக்கில் ஓடும் கணக்குகளை எழுதுவோர், இடைவிடைகளை அவ்வப்போது வட்டில் எழுதிவைத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கும்படி நிரலை அமைக்கிறார்கள்.