மீன்பெட்டியில் ஒட்டிய சீட்டு

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் சனிக்கிழமை பின்னேரம் மீன்கடைக்குள் போய் வருவது லேசுப்பட்ட காரியமில்லை. வாசலை முருங்கைக்காய்ப் பெட்டிகள் அடைத்திருக்கும். உள்ளே குளிர்பெட்டிகளுக்கு நடுவே ஒருவர் மட்டும் திரும்பக்கூடிய ஒழுங்கை. அம்மா பாரையின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறா. “அண்ணை, இது எப்ப வந்தது?” “நேற்று இரவு இறங்கினது அக்கா, துண்டு போடவோ?” மகள் பக்கத்தில் நின்று கைபேசியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சீட்டை மூன்று பேரும் பார்ப்பதில்லை.

பார்த்தாலும் மகள்தான் வாசிக்க வேண்டும். அது பிரெஞ்சில் இருக்கிறது. இந்தத் தெருக்களை நம்பி வாழ்கிற வீடுகளில் அரச அலுவலகமான பிரெஃபெக்சரின் கடிதமும் மின்சாரக் கணக்கும் டாக்டர் கொடுத்த துண்டும் பிள்ளைகள் கையில்தான் முதலில் போகும். பத்து வயதில் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனவர்கள் இன்று இருபதைத் தாண்டி நிற்கிறார்கள். காலநிலைக்கும் கடலுக்கும் இளைஞர்கள் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கிறவர்களிடம் இந்தச் சீட்டைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவேன்.

சீட்டில் இருப்பது இதுதான்: மீனின் விற்பனைப் பெயர், அறிவியல் பெயர், கடலில் பிடித்ததா பண்ணையில் வளர்த்ததா, பிடித்தது என்றால் எந்தக் கடற்பரப்பில், எந்தக் கருவியால். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இயற்றி, 2014 டிசம்பரிலிருந்து கட்டாயமாக்கிய விதி. பச்சை மீன், உறைமீன், றால், நண்டு, கணவாய் எல்லாவற்றுக்கும் பொருந்தும். நம் கருவாட்டுக்கும் பொருந்தும். மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கு எண் 51, கிழக்குக்கு 57. கருவி என்ற இடத்தில் ‘ஃபிலே’ என்று தொடங்கினால் வலை, ‘காசியே’ என்றால் கூடு. ‘ஷலு’ என்றிருந்தால் இழுவைமடி.

இந்த ‘ஷலு’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பா மீனுக்குச் சீட்டுக் கேட்பதன் வலு என்ன என்பதை லாச்சப்பல் ஒருமுறை நேராகவே பார்த்தது. இலங்கையின் ஆழ்கடல் படகுகளைக் கண்காணிக்க ஒழுங்கான ஏற்பாடு இல்லை, விதியை மீறினால் தண்டனையும் போதாது என்று 2012இல் ஐரோப்பிய ஆணையம் எச்சரித்தது. கொழும்பு அசையவில்லை. 2015 சனவரியில் இலங்கைப் படகுகள் பிடித்த மீனுக்குக் கதவு சாத்தப்பட்டது. படகுகளுக்குச் செய்மதிக் கருவி பூட்டி, சட்டத்தைத் திருத்திய பிறகே 2016 நடுப்பகுதியில் தடை நீங்கியது. இராஜதந்திரிகள் ஆண்டுக்கணக்காகப் பேசிச் சாதிக்காததை ஒரு காகிதம் ஒன்றரை ஆண்டில் சாதித்தது.

ஒரு சித்திரக்கதை செய்த வேலை

இழுவைமடி என்பது கோணிப்பை போல் வாய் அகன்ற வலை. வாய் மூடாமலிருக்க இரண்டு பக்கமும் கனத்த பலகைகள், அடியில் சங்கிலி. கடலின் அடித்தரையில் வைத்து இழுத்துக்கொண்டு போனால் வேண்டியது வேண்டாதது எல்லாம் வாரிக்கொண்டு வரும். தரையில் இருக்கும் பாசி, பவளம், முட்டை, குஞ்சு ஒன்றும் மிஞ்சாது. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் வாழும் மீன்களும் பவளங்களும் வளர்வதே மெல்ல. அங்கே ஒருமுறை இழுத்தால் நம் ஆயுளில் அந்த இடம் பழையபடி வராது.

பாரிஸ்காரி பெனெலோப் பாஜியூ சித்திரக்கதை வரைபவர். 2013 நவம்பரில், அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது, ஆழ்கடல் இழுவைமடி எப்படி வேலை செய்கிறது என்று தன் வலைப்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். கதையின் கடைசியில், ‘புளூம்’ என்ற பாரிஸ் அமைப்பு அதற்குத் தடை கேட்டு வைத்த மனுவில் கையெழுத்திடச் சொன்னார். கையெழுத்து ஒன்பது லட்சம் அளவுக்கு ஏறியது. அடுத்த மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. தடைக்கு எதிராக 342, ஆதரவாக 326. தோற்றார்கள். இந்தத் தோல்வியோடு கதை முடிந்திருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டவர்கள் பேரங்காடிகளைக் கேட்கத் தொடங்கினார்கள், நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்கத் தொடங்கினார்கள். 2016 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் 800 மீட்டருக்குக் கீழே இழுவைமடியைத் தடை செய்தது.

படம் அழகாக இருந்தது உண்மை. ஆனாலும் அதைப் பார்த்தவர்களுக்கு எந்தச் சட்டம், யாருடைய வாக்கு, எந்தத் தேதி என்று தெரிந்திருந்ததுதான் வேலை செய்தது என்பது என் எண்ணம்.

தெருவிலிருந்து நீதிமன்றத்துக்கு

கார் டு நோர் நிலையத்தில் ஆர்.இ.ஆர். பி ரயில் ஏறினால் சிறிது நேரத்தில் லு பூர்ஜே. லா கூர்நெவ்வில் இருக்கும் தமிழர் அன்றாடம் போய்வரும் தடம். அங்கேதான் 2015 டிசம்பர் 12 அன்று பாரிஸ் ஒப்பந்தம் நிறைவேறியது. புவிச்சூட்டை 2 பாகைக்கு நன்றாகக் கீழே நிறுத்துவது, 1.5 பாகைக்குள் வைக்க முயல்வது என்று உலகமே கைதூக்கியது. அந்த ஒப்பந்தத்தில் கடல் வருவது ஒரே ஓர் இடத்தில், அதுவும் முன்னுரையில் போகிற போக்கில்.

கையொப்பமிட்ட நாடே சொன்னபடி செய்கிறதா என்று கேட்டவர்கள் பிரெஞ்சு இளைஞர்கள். 2018 டிசம்பரில் நான்கு அமைப்புகள் சேர்ந்து ‘இந்த நூற்றாண்டின் வழக்கு’ என்ற பெயரில் அரசுக்கு எதிராக மனு வைத்தன. ஒரு மாதத்துக்குள் இருபது லட்சத்துக்கு மேல் கையெழுத்து. 2019 மார்ச் 15 வெள்ளிக்கிழமை பாடசாலையை விட்டுவிட்டு வந்த பிள்ளைகளால் பந்தியோன் முன்றல் நிரம்பியது. அந்த வருட ஊர்வலப் படங்களைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2021 பிப்ரவரி 3: காலநிலை விடயத்தில் அரசு தவறியது என்று பாரிஸ் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்து, மனுதாரர்களுக்கு அடையாளமாக ஒரு யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஒரு யூரோவுக்கு லாச்சப்பலில் ஒரு வடையும் பிளேன்டீயும்கூடச் சேர்த்து வாங்க முடியாது. அதே ஆண்டு அக்டோபரில், வரம்புக்கு மேல் வெளியிட்ட கரியை 2022 முடிவுக்குள் ஈடு செய் என்று கெடுவும் வைத்தது.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் அதே நீதிமன்றம், பிந்தினாலும் ஈடு செய்தாகிவிட்டது என்று சொல்லி அரசுக்கு அபராதம் போட மறுத்துவிட்டது. ஆனாலும் ஒரு நாட்டு அரசைக் காலநிலைக்காகக் கூண்டில் ஏற்றலாம் என்பது அதற்குள் ஊரறிந்த சங்கதி ஆகிவிட்டது.

காலநிலைக்குள் கடல் எங்கே வருகிறது? நாம் கூட்டிய சூட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உள்வாங்கிக்கொண்டது கடல்தான். கரியமில வாயுவிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அங்கேதான் போய்க் கரைகிறது. அதனால் நீர் சூடேறுகிறது, புளிக்கிறது, பவளம் வெளுக்கிறது, மீன் இடம் பெயர்கிறது. 2024 மே 21 அன்று ஹாம்பர்க்கில் உள்ள கடற்சட்டத் தீர்ப்பாயம், பசுமைக்குடில் வாயு வெளியேற்றமே கடலை மாசுபடுத்தும் செயல் என்று கருத்துரைத்தது. கடலுக்குள் எண்ணெய் கொட்டினால் எந்தச் சட்டம் கேட்குமோ, அதே சட்டம் இனி புகைக்கும் கேட்கும். இதைக் கேட்டு வாங்கியவை சின்னஞ்சிறு தீவு நாடுகள்.

தீவு மாணவர்கள் அதற்கும் முன்பே தொடங்கிவிட்டார்கள். 2019இல் வனுவாட்டுவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 27 பேர், உலக நீதிமன்றத்திடமே இதைக் கேட்போம் என்று வகுப்பறையில் முடிவெடுத்தார்கள். முதலில் தங்கள் அரசைச் சம்மதிக்க வைத்தார்கள். வனுவாட்டு மற்ற நாடுகளைச் சம்மதிக்க வைத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை அந்த நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு எதிர்ப்பின்றித் தீர்மானம் போட்டது. 2025 ஜூலை 23 அன்று ஹேக்கில் உள்ள அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன பதில்: காலநிலையைக் காப்பது அரசுகளின் சட்டக் கடமை, தவறினால் பொறுப்பேற்க வேண்டும்.

பிரான்சில் கமிய் எத்தியென் என்ற பெண்ணும் இதே வழிக்காரிதான். 1998இல் பிறந்தவர், ஊர் சவோய் மலைநாடு, கடலுக்கும் அவருக்கும் வெகுதூரம். 2022இல் அவரும் தோழர்களும் கையிலெடுத்தது ஆழ்கடல் சுரங்கம். நாலாயிரம், ஐயாயிரம் மீட்டர் ஆழத்தில் உருளைக்கிழங்கு போல உலோகக் கட்டிகள் கிடக்கின்றன. நிக்கலும் கோபால்டும் மங்கனீசும் கொண்ட அவை பத்து லட்சம் ஆண்டில் சில மில்லிமீட்டர்தான் வளரும். அவற்றை வாரி எடுக்க நிறுவனங்கள் காத்திருக்கின்றன. ஜனாதிபதி மக்ரோனைப் போகிற இடமெல்லாம் விடாமல் கேட்டார்கள். 2022 நவம்பரில் எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டில் அவர் முழுத் தடை வேண்டும் என்றார். 2023 சனவரியில் பிரெஞ்சு நாடாளுமன்றமும் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் அரசைக் கட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரோ வெள்ளைக்காரப் பிள்ளைகளின் சங்கதி என்று தாளைத் திருப்பாதீர்கள். இலங்கைக்குத் தென்கிழக்கே, கடலுக்கு அடியில் அஃபனாசி நிக்கிடின் என்றொரு மலை இருக்கிறது. கோபால்ட் நிறைந்தது. அதை ஆராயும் உரிமை கேட்டு இந்தியா 2024 சனவரியில் சர்வதேசக் கடற்படுகை ஆணையத்திடம் விண்ணப்பித்தது. அந்தப் பகுதி எங்களுடைய கண்டத்திட்டு என்று இலங்கையும் உரிமை கோருகிறது. ஆறாயிரம் மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரை இறக்கும் ‘மத்ஸ்யா 6000’ கலத்தைக் கட்டுவது சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள நிறுவனம். இரண்டு கரைகளும் நம்முடையவை, ஆனால் தமிழில் இதைப் பற்றி வாதமே காணோம்.

நம் கடலில் ஷலு

பாரிஸில் 800 மீட்டர் ஆழத்தைப் பற்றிச் சண்டை நடந்தது. பாக்கு நீரிணை பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்கும் குறைந்த ஆழம். கடற்புல் மேடு, ஆவுளியா என்கிற கடற்பசு மேயும் இடம். அந்த நீரில்தான் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வாரத்தில் மூன்று நாள் எல்லை தாண்டி வருகின்றன. அந்த இரவுகளில் வடக்கின் சிறு மீனவர் பலர் வலை போடுவதில்லை. போட்டால் விடியும்போது வலை இருக்காது. இலங்கை 2017 ஜூலையில் அடித்தள இழுவைமடியைச் சட்டத்தால் முற்றாகத் தடை செய்தது. இழுவைப் படகை விட்டு ஆழ்கடல் தூண்டிலுக்கு மாற இந்தியாவும் அதே மாதம் மானியத் திட்டம் தொடங்கியது. அப்போது ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய். மானியம் போனாலும் மிச்சத்துக்குக் கடன்பட வேண்டும். மாறியவர்கள் கொஞ்சப் பேர்தான். அந்த மீனவர்களை வில்லன் ஆக்குவது சுலபம். இழுவைமடியை வளர்ச்சி என்று சொல்லிக் கையில் கொடுத்தவை அரசுகள்தான்.

ஆமைக்கும் அதே மடிதான். சென்னையில் கடலாமை காக்கும் மாணவர் அமைப்பு 1988இலிருந்து இயங்குகிறது. தை தொடங்கிப் பங்குனி கடக்கும் வரை, பின்னிரவில் கரையோரம் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கல்லூரி மாணவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், நடை நிற்கவில்லை. 2025 சனவரியில் அந்தக் கரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. கடலாமை மூச்சு விட மேலே வர வேண்டும். மடிக்குள் மாட்டினால் மூழ்கிச் சாகும்.

நம் கடலுக்கு ஆபத்து மடியால் மட்டுமல்ல. கொழும்புக்கு அருகே 2021 மே 20 அன்று எரியத் தொடங்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலையும் சொல்ல வேண்டும். சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன. பருப்பு அளவு, வெள்ளை நிறம், மணலோடு கலந்தால் பிரிப்பது பெரும்பாடு. ‘பேர்ள் புரொடெக்டர்ஸ்’ போன்ற அமைப்புகளின் இளம் தொண்டர்கள் அரிதட்டும் சல்லடையும் கொண்டு மணலைச் சலித்தார்கள். பிரெஞ்சுக்காரர் இந்த மணிகளைக் கடற்கன்னியின் கண்ணீர் என்கிறார்கள். அவர்களது அட்லாண்டிக் கரையிலும் 2023 சனவரியில் ஒதுங்கின. 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பை நூறு கோடி டொலர் கட்டச் சொன்னது. சலித்த கைகளுக்கு இது ஆறுதல்தான், ஆனால் கப்பல் நிறுவனம் கட்ட மாட்டேன் என்றது.

மறுபடி மீன்கடைக்கு வருவோம். சீட்டு எல்லாவற்றையும் சொல்லாது. 57 என்ற எண் வங்கக் கடலா, அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையா என்று பிரித்துக் காட்டாது. சில கடைகளில் சீட்டுப் பெட்டியோடு குப்பைக்குப் போயிருக்கும். ஆனால் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை, காட்டுவது கடைக்காரரின் கடமை. கடை அண்ணையோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. அவரும் மொத்த வியாபாரியிடம் வாங்கித்தான் விற்கிறார். பத்துப் பேர் கேட்டால் அவர் வியாபாரியைக் கேட்பார்.

ஆகவே தங்கச்சி, தம்பி: வருகிற சனிக்கிழமை அம்மா செவுளைப் பார்க்கும்போது நீங்கள் சீட்டைப் பாருங்கள். ‘ஷலு’ என்று இருந்தால் அம்மாவுக்குத் தமிழில் சொல்லுங்கள். சீட்டே இல்லையென்றால் அண்ணையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எந்த வலையில பிடிச்சது?