நட்சத்திரம் படிக்க எந்தக் கல்லூரி?

ஓசூரை அடுத்த மத்திகிரி, காலையும் மாலையும் ஷிப்டு பஸ் ஓடும் பகுதி. சுற்றிலும் தொழிற்சாலைகள். பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளையிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டால், "டிப்ளமோ" அல்லது "என்ஜினீயரிங்" என்பது வழக்கமான பதில்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில், "நான் வானவியல் படிக்கப் போகிறேன்" என்று ஒரு பெண் சொன்னால்? தாய் திகைப்பாள். தந்தை பணத்தை எண்ணிப் பார்ப்பார். "சோதிடமா?" என்று பாட்டி கேட்பாள்!

சோதிடம் அல்ல. நட்சத்திரம் எப்படி எரிகிறது, எத்தனை காலம் எரியும், அணைந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் விஞ்ஞானம் இது.

சரி, எங்கே மனுப் போடுவது? இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். "வானவியல்" என்று பெயர் போட்ட பட்டத்தைத் தேடி அலைகிறார்கள். நம் நாட்டில் அப்படிப்பட்ட பி.எஸ்சி. மிக அரிது. ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் வானவியலுக்கென்றே ஒரு துறை உண்டு. மற்றபடி பெரிய வாசல் இயற்பியல்தான். தாத்தா காலத்தில் "பௌதிகம்" என்றார்களே, அதே பாடம்!

சந்திரசேகர் படித்தது என்ன?

நட்சத்திர ஆராய்ச்சிக்காக 1983-ல் நோபல் பரிசு பெற்றவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அந்தத் தமிழர் கல்லூரியில் வானவியல் பட்டம் வாங்கவில்லை. 1925-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அவருக்குக் கணிதத்தில் ஆசை. தந்தை ரெயில்வே கணக்கு இலாகா அதிகாரி. மகன் ஐ.சி.எஸ். தேற வேண்டும் என்பது அவர் எண்ணம். எந்தக் காலத்திலும் இதே தகராறுதான்! கடைசியில் மகன் இயற்பியல் ஆனர்ஸ் வகுப்பில் சேர்ந்தார். கணித வகுப்புகளுக்கும் போய் உட்கார்ந்தார்.

1930-ல் இங்கிலாந்தில் படிக்க அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்தது. அப்போது தாய் நோயில் கிடந்தார். மகன் தயங்கினார். "போய்த்தான் ஆக வேண்டும்" என்ற பிடிவாதம் தாயுடையது.

19 வயதில் கப்பல் ஏறினார். கப்பலிலேயே கணக்குப் போட்டார். எரிந்து ஓய்ந்த நட்சத்திரம் "வெள்ளைக் குள்ளன்" ஆகச் சுருங்கும். ஆனால் அதன் எடை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் போக முடியாது. "சந்திரசேகர் எல்லை" என்று உலகம் இதைச் சொல்கிறது. மறு ஆண்டு, 1931-ல், தாய் இறந்தார். மகன் ஊர் திரும்பியது 1936-ல்தான்.

முதல் மனு பள்ளியில்!

இந்தப் படிப்புக்கு முதல் மனு கல்லூரிக்குப் போடுவது அல்ல. பத்தாம் வகுப்பு முடிந்ததும், எந்தப் பிரிவு என்று பள்ளியில் எழுதிக் கொடுக்கிறார்களே, அதுதான். கணிதமும் இயற்பியலும் உள்ள பிரிவு வேண்டும். கணிதத்தை அப்போது விட்டவர்கள் பின்னால் வருந்துவார்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வழி. வீட்டுக்குப் பக்கத்தில் கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரி போன்ற இடத்தில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கலாம். செலவு குறைவு. இதில் குறைவு என்று நினைக்க ஒன்றுமில்லை.

மற்றது நுழைவுத் தேர்வு வழி. திருப்பதி முதலிய ஊர்களில் உள்ள "ஐசர்" நிலையங்களில் 5 ஆண்டுப் படிப்பு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 4 ஆண்டுப் படிப்பு. ஐசர் தேர்வு மதிப்பெண்ணை விஞ்ஞானக் கழகமும் ஏற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2025-ல் ஐசர் மனுவுக்குக் கடைசி நாள் ஏப்ரலில் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததோ மே மாதம்! "மார்க் வரட்டும், பார்க்கலாம்" என்று இருந்தவர்களுக்கு வண்டி போய்விட்டது. இன்னொன்று: அந்தக் கேள்வித்தாள் தமிழில் இல்லை. தமிழ் வழி மாணவர்கள் பாடச் சொற்களை ஆங்கிலத்திலும் பழகிக்கொள்ள வேண்டும்.

சோறு போடுமா?

பட்டத்தோடு முடியாது. எம்.எஸ்சி. படிக்க வேண்டும். அதற்கு "ஜாம்" என்ற தேர்வு பெரிய நிலையங்களின் கதவைத் திறக்கும். பிறகு "ஜெஸ்ட்" போன்ற தேர்வு எழுதி டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குப் போக வேண்டும். அது முடிய ஐந்து ஆண்டு ஆகலாம். தம்பி தொழிற்சாலையில் சம்பளம் வாங்கும்போது அக்கா இன்னும் படித்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஆராய்ச்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு. மத்திய அரசு 2023-ல் தொடக்கநிலை ஆராய்ச்சி மாணவருக்கான தொகையை மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தியது.

எல்லோரும் வானவியல் விஞ்ஞானி ஆகிவிட முடியாது. இடங்கள் கொஞ்சம். ஆனால் இயற்பியல் படித்தவர் ஆசிரியர் ஆகலாம். கம்ப்யூட்டர், மின்னணு வேலைகளுக்கும் போகலாம்.

மத்திகிரிக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். இந்திய வான் இயற்பியல் நிலையம் இருப்பது பெங்களூர் கோரமங்களாவில். ஓசூரிலிருந்து பஸ்ஸிலேயே போய் வரலாம். அந்த நிலையத்தின் பெரிய தொலைநோக்கியோ இந்தப் பக்கம், திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில், ஜவ்வாது மலையில் நிற்கிறது. 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்டது. 1986-ல் வைனு பாப்பு என்ற விஞ்ஞானியின் பெயர் சூட்டப்பட்டது. 1988-ல் காவலூரில் கண்டுபிடித்த ஒரு சிறு கோளுக்கு, கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள்.

பிள்ளையைக் காவலூருக்கு அழைத்துப் போக விரும்புகிறவர்கள், பார்வையாளரை அனுமதிக்கும் நாளை முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். மழைக்காலம் உதவாது. இரவில் மலையில் குளிரும். கையில் ஒரு சால்வை இருக்கட்டும்.