தடுப்புக் காவலில் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்குச் சட்டம் தருவது என்ன?

2017 பிப்ரவரி 7. கிள்ளான் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு ரிமாண்ட் விண்ணப்பத்துக்காகக் கொண்டுவரப்பட்டார் எஸ். பாலமுருகன். வயது 44. அவருடைய உடல்நிலையைப் பார்த்த மாஜிஸ்திரேட், அவரைத் தொடர்ந்து காவலில் வைக்க அனுமதி தரவில்லை. சிகிச்சைக்குக் கொண்டுசெல்லச் சொன்னார். ஆனால் பாலமுருகன் மீண்டும் வட கிள்ளான் மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்கே கொண்டுசெல்லப்பட்டார். சில மணி நேரத்தில் அங்கு இறந்துபோனார்.

தடுப்புக் காவல் மரணம் என்றதும் நம்மவர்கள் நினைவுக்கு வரும் பெயர்கள் பல. 2009இல் குகன், 2013இல் தர்மேந்திரன், 2021இல் கணபதி. பாலமுருகன் வழக்கு இவற்றிலிருந்து ஒரு விதத்தில் மாறுபட்டது. சட்டம் எழுதி வைத்திருக்கும் பாதுகாப்பு அன்று நீதிமன்றத்தில் சரியாகவே வேலை செய்தது. நீதிமன்ற வாசலைத் தாண்டியதும் அது நின்றுவிட்டது. கைதிகள் உரிமை பற்றி நாட்டில் நடந்துவரும் சட்டப் போராட்டங்களின் மையப் பிரச்சினையும் இதுதான். விதி இருக்கிறது, பூட்டிய கதவுக்கு உள்ளே அது நடக்கிறதா என்பதை யார் பார்ப்பது?

முதல் 24 மணி நேரம்

கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி கைது செய்யப்பட்டவருக்குச் சில உரிமைகளைத் தருகிறது. எதற்காகக் கைது என்று அவரிடம் சொல்ல வேண்டும். தான் விரும்பும் வழக்கறிஞரை அவர் கலந்தாலோசிக்க விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவருவது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு. 2007இல் நடப்புக்கு வந்த இப்பிரிவின்படி, விசாரணை தொடங்கும் முன்பே கைதானவர் தாம் இருக்கும் இடத்தை உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தெரிவிக்கலாம். வழக்கறிஞரையும் அழைக்கலாம். அதற்கான வசதியைப் போலீசாரே இலவசமாகச் செய்து தர வேண்டும். வழக்கறிஞர் வருவதற்கு நியாயமான நேரம் காத்திருக்கவும் வேண்டும். கூட்டாளிகள் தப்பிவிடுவார்கள், சான்றுகள் அழிந்துவிடும் என்று நம்பக் காரணம் இருந்தால், உயர் அதிகாரி ஒருவர் இந்த உரிமையைத் தள்ளி வைக்கலாம் என்ற விதிவிலக்கும் அதே பிரிவில் இருக்கிறது.

அடுத்தது 117ஆவது பிரிவு, அதாவது ரிமாண்ட். 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்றால் முதல் முறை 4 நாள், இரண்டாவது முறை 3 நாள் வரை காவலில் வைக்க மாஜிஸ்திரேட் அனுமதிக்கலாம். அதைவிடக் கடுமையான குற்றங்களுக்கு 7 நாளும், மீண்டும் 7 நாளும். அனுமதி கேட்கும்போது கைதானவரோ அவருடைய வழக்கறிஞரோ பேச வாய்ப்புத் தர வேண்டும். "அடித்தார்கள்", "மாத்திரை கொடுக்கவில்லை", "நெஞ்சு வலிக்கிறது" என்று சொல்வதற்கான இடம் இதுதான். கூச்சத்தாலோ பயத்தாலோ பலர் அந்தச் சில நிமிடங்களை வீணாக்கிவிடுகிறார்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்பதுதான் தோட்டப்புறக் குடும்பங்களின் முதல் கவலை. 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறக்கட்டளையான ஒய்பிஜிகே, மலேசியக் குடிமக்களுக்குக் கைது, ரிமாண்ட் கட்டத்திலேயே இலவசமாக வழக்கறிஞர் உதவி அளித்து வருகிறது. அதற்கும் யாராவது முதலில் தகவல் சொல்லியாக வேண்டும்.

சோஸ்மா சட்டத்தின் கீழ் கைதானவர்களுக்கு நிலை வேறு. அவர்களை 28 நாள் வரை காவலில் வைக்கலாம். வழக்கறிஞரைச் சந்திப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம். ஒரு மாவட்டத்தில் ரிமாண்ட் முடிந்ததும் இன்னொரு மாவட்டத்தில் வேறு புகாரில் மறுபடி கைது செய்து நாளை நீட்டிக்கும் தொடர் ரிமாண்ட் முறையும் உண்டு. வழக்கறிஞர்கள் இதைப் பல காலமாகக் கண்டித்து வருகிறார்கள்.

லாக்கப்புக்குள் கைதிகளை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்வது 1953ஆம் ஆண்டு லாக்கப் விதிகள். நாடு சுதந்திரம் அடைவதற்கு நான்கு ஆண்டுக்கு முன் எழுதப்பட்டவை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை.

குகன் வழக்கு திறந்த வழி

2009 ஜனவரி 14. சொகுசுக் கார் திருட்டு விசாரணைக்காக ஏ. குகன் கைது செய்யப்பட்டார். ஜனவரி 20ஆம் தேதி சுபாங் ஜெயா, தைப்பான் போலீஸ் நிலையத்தில் இறந்தார். செர்டாங் மருத்துவமனையில் நடந்த முதல் சவப் பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது.

சவக்கிடங்கில் உடலைப் பார்த்த குடும்பத்தினர் அந்தப் பதிலை ஏற்கவில்லை. உடலில் தெரிந்த காயங்களைப் படம் எடுத்தார்கள். இரண்டாவது சவப் பரிசோதனை கேட்டார்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நடந்த அந்தப் பரிசோதனை, மொட்டையான பொருளால் ஏற்பட்ட பலத்த அடியில் தசைகள் சிதைந்து, அதனால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார் என்று சொன்னது. இரண்டு அறிக்கைகளையும் ஆராய்ந்த சுகாதார அமைச்சின் குழு, இதயத் தசை அழற்சி என மூன்றாவதாக ஒரு காரணத்தை முன்வைத்தது.

ஒரே உடல், மூன்று விளக்கங்கள். உடலை அடக்கமோ தகனமோ செய்த பிறகு குடும்பம் விழித்துக்கொண்டிருந்தால், முதல் அறிக்கை மட்டும்தான் மிஞ்சியிருக்கும். துக்க வீட்டில் சடங்குகளை ஒத்திப்போடுவது எளிதல்ல. "செத்தவனை இன்னும் அறுக்க வேண்டுமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொண்ட குடும்பத்துக்குத்தான் பின்னர் நீதிமன்றத்தில் பேச ஏதோ ஒன்று இருந்தது.

குற்றவியல் வழக்கு அதிக தூரம் போகவில்லை. சட்டத்துறைத் தலைவர் ஆரம்பத்தில் இதைக் கொலை வழக்காக வகைப்படுத்தினார். கொலைக் குற்றச்சாட்டை யாரும் எதிர்கொள்ளவில்லை. காயம் விளைவித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரே ஒரு போலீஸ்காரர். முதலில் விடுவிக்கப்பட்ட அவருக்கு 2012இல் 3 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

சிவில் வழக்குதான் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. 2013 ஜூன் 26ஆம் தேதி கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி வி.டி. சிங்கம், போலீசாரும் அரசாங்கமும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தார். மொத்தம் 801,700 ரிங்கிட் வழங்க உத்தரவிட்டார். அடித்தவரோடு பொறுப்பு முடிந்துவிடவில்லை. சம்பவம் நடந்தபோது சிலாங்கூர் போலீஸ் தலைவராக இருந்த காலிட் அபு பக்கார் பொதுப் பதவியைத் தவறாகப் பயன்படுத்தியதாகவும் தீர்ப்பு கூறியது. அந்த நாளில் அவர் நாட்டின் போலீஸ் படைத் தலைவர். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகளும் குடும்பத்தின் பக்கமே நின்றனர்.

காவலில் இருப்பவர் தாமாக மருத்துவரிடம் போக முடியாது, தண்ணீர் எடுத்துக் குடிக்க முடியாது, ஓடிப்போகவும் முடியாது. ஆகவே அவருடைய உயிருக்குப் பூட்டியவர்களே பொறுப்பு. இந்த வாதம்தான் இத்தகைய வழக்குகளுக்கு அடிப்படை. அடி விழவில்லை, நோயால்தான் இறந்தார் என்றாலும் கேள்வி முடிவதில்லை: நோய் இருப்பது தெரிந்ததா, மருத்துவரிடம் எப்போது கொண்டுபோனார்கள்?

இழப்பீட்டில் ஒரு முரண்பாடும் உண்டு. அரசு ஊழியரின் அத்துமீறலைத் தண்டிக்கும் வகையில் விதிக்கப்படும் கூடுதல் தொகையைத் தண்டனை இழப்பீடு என்பார்கள். அடிபட்டவர் உயிரோடு இருந்தால் இதைக் கேட்கலாம். இறந்துவிட்டால் அவருடைய சொத்துரிமையாளர்கள் கேட்பதற்கு 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 8ஆவது பிரிவு தடையாக நிற்கிறது. அடித்துக் காயப்படுத்துவதைவிடச் சாகடிப்பது மலிவா என்று வழக்கறிஞர்கள் நீதிமன்றங்களில் திரும்பத் திரும்பக் கேட்டு வந்திருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. இந்தத் தொகையைக் கட்டுவது மக்களின் வரிப்பணம் என்பதையும் இங்கே மறக்க முடியாது.

மரண விசாரணை

போலீஸ் காவலிலோ சிறையிலோ ஒருவர் இறந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334ஆவது பிரிவின்படி பொறுப்பதிகாரி உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். போலீஸ் காவலில் நிகழ்ந்த மரணம் என்றால் மரண விசாரணை நடந்தாக வேண்டும். இது குடும்பம் மனுப் போட்டுக் கெஞ்சிப் பெற வேண்டிய சலுகை அல்ல. 2014 முதல் இதற்கெனச் சிறப்பு மரண விசாரணை நீதிமன்றங்கள் இயங்குகின்றன. குடும்பத்தின் வழக்கறிஞர் அங்கு சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம். நிலையக் குறிப்பேடு, கேமரா பதிவு, மருத்துவப் பதிவு எல்லாம் வெளிச்சத்துக்கு வரும் இடம் பெரும்பாலும் இதுதான்.

வெளியிலிருந்து கண்காணிக்க யார் இருக்கிறார்கள்? மனித உரிமை ஆணையமான சுஹாகாம் தடுப்பு மையங்களைப் பார்வையிட்டுப் பரிந்துரை செய்யலாம். போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க முழு அதிகாரம் கொண்ட ஆணையம் வேண்டும் என்று துன் சைடின் தலைமையிலான அரச ஆணையம் 2005இலேயே பரிந்துரைத்தது. 18 ஆண்டுகளுக்குப் பிறகு, 2023 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது ஐபிசிசி என்ற போலீஸ் நடத்தை ஆணையம். காவலில் மரணம் நிகழ்ந்தால் அது விசாரிக்கலாம். ஆனால் தானாகத் தண்டிக்க அதற்கு அதிகாரம் இல்லை. தன் முடிவை ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அமைப்புக்கு அனுப்பி வைக்கத்தான் முடியும். லாக்கப்பைப் பார்க்கப் போவதென்றாலும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். விருந்தாளி வரும் நாளில் வீடு எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

குடும்பங்கள் அதிகம் தவறவிடுவது கால வரம்பை. அரசாங்கத்துக்கும் அதன் ஊழியர்களுக்கும் எதிரான சிவில் வழக்கை 36 மாதங்களுக்குள் தொடுக்க வேண்டும் என்கிறது 1948ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம். குகன் குடும்பம் வழக்குப் பதிவு செய்தது 2012 ஜனவரியில், கெடு முடியச் சில நாள்களே இருந்தபோது. மரண விசாரணை முடியட்டும், ஐபிசிசி பதில் வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்காக அந்தக் கெடு நிற்பதில்லை. மரண விசாரணைத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து அல்ல, சம்பவம் நடந்த நாளிலிருந்தே அது எண்ணப்படுகிறது.