இலையை நாடும் செவ்வண்டு

வண்டு என்றதும் தமிழ் கற்றார் உள்ளத்தில் மலரும் தேனும் தோன்றுதல் இயல்பு. சுரும்பு, தும்பி, ஞிமிறு எனப் பெயரிட்டுப் பழம்புலவர் பாடியவை பெரும்பாலும் பூவை நாடுவன. இலையை நாடும் வண்டுக்கோ பாட்டு இல்லை. தோட்டக்காரரின் வசையே உண்டு. பூசணிக் கொடியில் வாழும் செவ்வண்டு அத்தகையது.

சென்ற பருவத்திலே வீட்டு வளவிற் சில பூசணி விதைகளை ஊன்றினேன். வித்திலைகள் விரிந்த மூன்றாம் நாள் அவை சல்லடைக் கண்களாயின. வெயிலேறிய பின் வண்டுகளைப் பிடிக்கச் சென்றேன். கை நீட்டுமுன் பறந்தன. அயல் தோட்டத்து முதியவர் சிரித்தார். "வாத்தியார், விடியவெள்ளன வந்து பாருங்கோ; அந்த நேரம் அதுக்குப் பறக்க உசார் இராது" என்றார். மறுநாட் காலையில் அவர் சொல் மெய்யாயிற்று. பனி உலராத இலைகளிலிருந்து அவற்றை எளிதாகப் பொறுக்கி எடுத்தேன்.

கையிலெடுத்துப் பார்த்தால் அழகிய உயிர்தான். நீளம் 6 முதல் 8 மில்லிமீற்றர். முதுகு பளபளக்கும் செம்மஞ்சள், அடிவயிறோ கறுப்பு. லூக்கா என்னும் பிரெஞ்சு அறிஞர் 1849 இல் இதனை விவரித்துப் பெயரிட்டார். தென்னாசியா, மேற்காசியா, மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகள் எனப் பரந்தது இதன் வாழிடம்.

பூசணி, வெள்ளரி, சுரை, பீர்க்கு முதலியன இதற்கு விருப்பமானவை. அக்குடும்பத்துச் செடிகளில் உள்ள குக்குர்பிட்டசின் என்னும் கசப்புப் பொருள் பல உயிர்களை விலக்கும். இவ்வண்டையோ உண்ணத் தூண்டும். ஆயினும் கசப்புக்குப் பேர்போன பாகலை இது அவ்வளவாக நாடுவதில்லை. கசப்பெல்லாம் ஒன்றல்ல போலும்! தும்பியை நான்கறிவுயிராக வகுத்த தொல்காப்பியர் சுவையுணர்வை இரண்டாம் அறிவாக வைத்தார். நாம் ஒரு சொல்லால் 'கசப்பு' என்று கூறிவிடுவதை இச்சிற்றுயிர் வகைபிரித்து அறிகின்றது.

இதன் நெருங்கிய இனங்கள் சில, உண்ணுமுன் இலையில் வட்டமாகக் கீறி, அதனுள் அடங்கிய பகுதியையே தின்னும். கீறலால் செடியின் சாறு அவ்விடத்திற் பாய்வது தடைப்படும்.

எனினும் நாம் இலையிற் காண்பது பாதியே. பெண்வண்டு கொடியின் அடியில் ஈரமண்ணிலே முட்டையிடும். வெளிவரும் வெண்புழு வேரையும், மண்ணுட் புதைந்த தண்டையும், நிலத்தைத் தொட்டுக்கிடக்கும் காயையும் துளைக்கும். மண்ணுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிப் பின் வண்டாகும். இவ்வளவும் நிகழ, வெப்பத்துக்கேற்ப ஒரு மாதமோ சற்று மேலோ செல்லும். இலையிலுள்ளதைப் பிடித்து மகிழ்ந்த நான், வேரிலுள்ளதை நினைத்தேனல்லேன். தப்பிய கொடிகளிலும் இரண்டு பின்னர் வாடின. பிடுங்கிப் பார்த்தபோதே காரணம் விளங்கிற்று.

ஆதலால் நாற்றுப் பருவத்திலே விடியற்காலையில் வண்டைப் பொறுக்குதல் ஒருபுறம் இருக்க, அறுவடை முடிந்ததும் பழங்கொடியை அகற்றி மண்ணைக் கொத்திப் புரட்டுதல் வேண்டும். அப்போது புழுவும் கூட்டுப்புழுவும் வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். காய்க்கு அடியில் ஓலை பரப்புதலும் நன்று.

இம்முறை என் வளவில் மண்ணைப் புரட்டிய பின்னரே விதை ஊன்றியுள்ளேன். செம்மை முதுகைக் கண்டவன், அதன் கரிய வயிற்றையும் புரட்டிப் பார்த்திருந்தால் இப்பாடத்தை முன்னரே கற்றிருக்கலாம்.