யப்பானிய இயந்திரக் குறுந்துப்பாக்கியின் வளர்ச்சி: ஊவாவிலிருந்து ஒரு நோக்கு

1942 ஏப்ரல் 5ஆம் நாள் காலையில் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. யப்பானியத் தரைப்படை இலங்கைக் கரையில் இறங்கவில்லை என்பதை இன்று நாம் அறிவோம். அன்று அதனை எவரும் உறுதியாகக் கூறியிருத்தல் இயலாது. கிழக்குக் கரையிலிருந்து மலைநாட்டுக்கு ஏறும் பெருந்தெரு செங்கலடியில் தொடங்கிப் பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளையை அடைகின்றது. அக்கரையில் ஒரு படை இறங்கி மலையேற முனைந்திருப்பின், ஊவாத் தோட்டங்களின் லயங்களைக் கடந்தே அது சென்றிருக்க வேண்டும்.

அவ்வாறு நடந்து வந்திருக்கக்கூடிய சிப்பாயின் கையில் என்ன இருந்திருக்கும்? போர்ப் படங்களைப் பார்த்துப் பழகியோர்க்கு இடைவிடாது ரவை பொழியும் சிறு துப்பாக்கியொன்றே மனக்கண்ணில் தோன்றும். உண்மையில் அவன் சுமந்திருக்கக்கூடியது, ஒவ்வொரு வெடிக்கும் ஒரு முறை கையாற் பின்னிழுத்துத் தள்ள வேண்டிய, ஐந்து ரவை கொள்ளும் அரிசாக்காத் துப்பாக்கியேயாகும். உலகின் மிகப் பெரிய போர்க்கப்பலான 'யமாத்தோ'வை 1941 டிசம்பரிற் பணியில் அமர்த்திய நாடு, தகடும் குழலும் சுருள்வில்லுமே உறுப்புகளாகக் கொண்ட ஒரு சிறு கருவியைத் தன் காலாட்படைக்கு வேண்டுமளவு வழங்கவில்லை. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ளவே இக்கட்டுரையில் முயல்கின்றோம்.

துணை இயந்திரத் துப்பாக்கி என்று நாம் இன்று வழங்குவதை யப்பானியர் 'கிக்கான் தன்ஜு' என்றனர்; இயந்திரக் குறுந்துப்பாக்கி என்பது அதன் பொருள். பெயர் கருவியின் தன்மையைச் சரியாகவே சுட்டுகின்றது. கைத்துப்பாக்கிக்குரிய வலுக்குறைந்த ரவையை, விசையை அமுக்கியிருக்கும் வரை தொடர்ந்து சுடுவது அது. முதலாம் உலகப் போரின் இறுதியாண்டான 1918இல், பதுங்கு குழிகளுக்குள் நெருங்கிப் போரிடுவதற்காக ஜேர்மானியர் பயன்படுத்திய பேர்க்மன் துப்பாக்கியே இவ்வகையின் முன்னோடி எனலாம். அதன் இயக்கம் எளியது. ரவை வெடிக்கும்போது எழும் எதிர்விசை கனமான இரும்புத் தண்டொன்றைப் பின்னே தள்ளுகின்றது. சுருள்வில் அதனை மீண்டும் முன்னே செலுத்துகின்றது. முன்னே வரும் தண்டு அடுத்த ரவையை எடுத்துக் குழலிற் செருகி வெடிக்கச் செய்கின்றது. தண்டின் எடையும் அது ஓடும் தூரமுமே நிமிடத்துக்கு எத்தனை வெடி என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

1920களில் யப்பான் இக்கருவியை வெளியிலிருந்து வாங்கியது. சுவிற்சலாந்திற் செய்யப்பட்ட பேர்க்மன் துப்பாக்கிகள் கடற்படையின் தரையிறங்கு பிரிவினரிடம் சென்றன. 1932இல் ஷங்காய் நகரத் தெருச் சண்டையில் அவை பயன்பட்டன. இத்துப்பாக்கிகளுக்கு யப்பானியர் முதலிற் செய்த மாற்றம் யாது? துப்பாக்கிமுனைக் கத்தியைப் பொருத்துவதற்கான ஓர் அமைப்பைச் சேர்த்ததே. தூரத்திலிருந்தே பகைவரை வீழ்த்துவதற்கென்று பிறந்த இயந்திரத்தில் 40 சென்ரிமீற்றர் நீளமுடைய வாளொன்றைத் தொங்கவிட்டனர். இதனை ஒரு விநோதமாகக் கருதி நகைத்துவிட்டு அப்பாற் செல்லுதல் எளிது. ஆனால் பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் திறவுகோல் இதுவே என்பது எமது கருத்து.

உள்நாட்டில் இம்முயற்சியைக் கையேற்றவர் நம்பூ கிஜிரோ (1869–1949). படையிலிருந்து லெப்டினன்ற் ஜெனரலாக ஓய்வு பெற்ற இவர், 1927இல் தமக்கெனத் துப்பாக்கித் தொழிலகம் ஒன்றை நிறுவினார். பின்னர் வேறு நிறுவனத்தோடு இணைந்து அது 'சூவோ கோக்யோ' எனப் பெயர் பெற்றது. 1930களில் இவர் உருவாக்கிய சோதனைத் துப்பாக்கிகள் இன்று பார்க்கையிலும் வியப்பளிப்பன. 50 ரவை கொண்ட வளைந்த ரவைக்கூட்டைத் துப்பாக்கியின் கைப்பிடிக்குள்ளேயே செருகும் அமைப்பை அவர் கையாண்டார். வெடிவேகத்தைத் தணிப்பதற்கு அவர் கண்ட வழி மேலும் நுட்பமானது. தண்டின் ஓட்டத்தைத் தடுத்து மெதுவாக்கக் காற்றமுக்க உருளையொன்றைப் பொருத்தினார். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கும்போது கை உணரும் எதிர்ப்பை நினைத்துக்கொண்டால் அதன் தத்துவம் விளங்கும். கனமான தண்டைப் பொருத்தியும் இதே பயனைப் பெற்றிருக்கலாம். ஆயின் துப்பாக்கி சுமையாகும். நம்பூவின் உருளை அச்சுமையைத் தவிர்த்தது. அதற்கு விலையாகத் துல்லியமாகக் கடைந்து பொருத்த வேண்டிய உறுப்புகள் பெருகின. தேர்ந்த கைவினைஞன் ஒருவனின் தீர்வு அது, ஆலையின் தீர்வன்று.

தரைப்படையும் கடற்படையும் இவற்றைச் சோதித்தன. சிறு எண்ணிக்கையிற் செய்யப்பட்டதோடு விடயம் நின்றது. இதற்குக் கூறப்படும் காரணங்களுட் சில தொழில்நுட்பஞ் சார்ந்தவை. யப்பானியக் கைத்துப்பாக்கியின் 8 மில்லிமீற்றர் ரவை, ஜேர்மனியரின் 9 மில்லிமீற்றர் ரவையைவிட வலுவில் மிகவும் குறைந்தது. ரவை வகைகளின் குழப்பமும் சேர்ந்துகொண்டது. 1939இல் தரைப்படை பழைய 6.5 மில்லிமீற்றரை விட்டு 7.7 மில்லிமீற்றருக்கு மாறத் தொடங்கி, மாற்றம் முடியாமலே போருக்குட் புகுந்தது. கடற்படையும் 7.7 மில்லிமீற்றர் ரவை வைத்திருந்தது. ஆனால் அது பிரித்தானிய ரவையைப் பின்பற்றியது. தரைப்படைத் துப்பாக்கியுட் செல்லாது. ஒரே அரசின் இரு படைகள் ஒரே அளவில், ஒன்றுக்கொன்று உதவாத ரவைகளைச் செய்தன! இந்நிலையில் இன்னுமொரு ரவையைப் போர்முனைக்குச் சுமப்பதற்கு எந்த அதிகாரியும் எளிதில் உடன்பட்டிரான்.

எனினும் இவற்றின் அடியில் வேறொன்று உண்டு. யப்பானியக் காலாட்படையின் சிறு பிரிவு ஓர் இலகு இயந்திரத் துப்பாக்கியையும் கையாற் குண்டெறியும் குறுங்குழலையும் மையமாகக் கொண்டது. ஏனைய சிப்பாய்கள் அவற்றைச் சூழ்ந்து முன்னேறி இறுதியிற் கத்திமுனையாற் பாய வேண்டியவர்கள். கிராமத்து உழவர் குடும்பங்களிலிருந்து பெருவாரியாகக் கட்டாய சேவைக்கு எடுக்கப்பட்ட அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது கீழ்ப்படிதலும் சாவுக்கு அஞ்சாமையுமே. ஒருவன் தன் எண்ணப்படி நிமிடத்துக்கு நானூறு ரவை செலவிடுவதை அப்படையமைப்பு வீண்செலவாகவே நோக்கியது. ஒரு துப்பாக்கியின் தலைவிதியை வரைபலகை மட்டும் எழுதுவதில்லை. அதனை ஏந்தப்போகும் மனிதனைப் பற்றி அரசு என்ன கருதுகின்றது என்பதும் சேர்ந்தே எழுதுகின்றது.

இறுதியில் 1940இல் ஒரு வடிவம் ஏற்கப்பட்டது. யப்பானிய அரச ஆண்டுக்கணக்கில் அது 2600. ஆகவே கருவிக்கு 'நூறாம் வகை' எனப் பெயரிட்டனர். காற்றமுக்க உருளை கைவிடப்பட்டது. 30 ரவை கொண்ட கூடு இடப்பக்கத்திற் பொருந்தியது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 450 வெடிகள். துப்பாக்கிமுனைக் கத்தி மட்டும் கைவிடப்படவில்லை. 1944இல் வடிவம் எளிமையாக்கப்பட்டு வெடிவேகம் ஏறத்தாழ 800 ஆயிற்று. அதற்குள் காலம் கடந்துவிட்டது. போர் முடியும் வரையிற் செய்யப்பட்டவற்றின் தொகையை மிகத் தாராளமாகக் கணிப்போர்கூட முப்பதாயிரத்தை எட்டவில்லை. பத்தாயிரத்தை ஒட்டியே கணிப்போர் பலர். இதே போரிற் பிரித்தானியாவின் ஸ்ரென் துப்பாக்கி நாற்பது இலட்சமளவிலும், சோவியத் நாட்டின் ஷ்பாகின் துப்பாக்கி ஐம்பது இலட்சத்துக்கு மேலும் செய்யப்பட்டன.

ஸ்ரென் துப்பாக்கியின் பிறப்பு இங்கு ஒப்பிடத்தக்கது. 1940இல் டன்கேர்க்கிற் படைக்கலங்களை விட்டுவிட்டுத் திரும்பிய பிரித்தானியா, 1941இல் தகட்டை அழுத்தி வளைத்துப் பற்றவைத்து, துப்பாக்கித் தொழிலே அறியாத சிறு பட்டறைகளுக்கு உறுப்புகளைப் பங்கிட்டுக் கொடுத்து அதனைச் செய்தது. பார்க்க நீர்க்குழாய்த் துண்டு போலிருந்தது. அடிக்கடி இறுகியும் போயிற்று. ஆயினும் எண்ணிக்கையால் வென்றது. யப்பானிடம் இல்லாதது கற்பனையன்று. உறுப்புகளைத் திரள்திரளாகச் செய்யும் இயந்திரங்களே. அவ்வியந்திரங்களுக்கு அது பெரிதும் அமெரிக்காவையே நம்பியிருந்தது; 1940 ஜூலையில் அமெரிக்கா அவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. மலாயாவையும் டச்சுக்காரரின் கிழக்கிந்தியத் தீவுகளையும் 1942இற் கைப்பற்றியதால் இறப்பரும் தகரமும் எண்ணெயும் கிடைத்தன. கடைசல் இயந்திரம் கிடைக்கவில்லை.

அக்கைப்பற்றலின் மறுபக்கம் ஊவாவைத் தொட்டது. மலாயா வீழ்ந்தபின் நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரிற் பெரும்பகுதி இலங்கையிலிருந்தே செல்ல வேண்டியதாயிற்று. மரம் பட்டுப்போவதையும் பொருட்படுத்தாது பால் வெட்டும் முறை கையாளப்பட்டது. மொனராகலைப் பக்கத்துத் தாழ்ந்த சரிவுகளின் இறப்பரும் போர்ப்பொருளாயிற்று. பர்மா யப்பானியர் கைக்குச் சென்றமையால் அரிசிக் கப்பல்கள் நின்றன. பங்கீட்டு அரிசியும் கோதுமை மாவும் லயங்களுக்கு வந்தன. யப்பானியத் துப்பாக்கி பதுளைக்கு வரவில்லை. யப்பானியப் போர் அடுப்பங்கரை வரை வந்தது.

ஊவாவிற் படைக்கலங்கள் அதற்கு முன்னரே இருந்தன. அவை யாரிடம் இருந்தன என்பதே கேள்வி. 1900இல் தியத்தலாவையில் ஏறத்தாழ 5,000 போயர் கைதிகளை அடைத்து வைக்கும் முகாமொன்று எழுந்தது. அன்று முதல் அது படையினரின் ஊர். அதே 1900இல் இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை அமைக்கப்பட்டது. ஐரோப்பியத் துரைமாரைக் கொண்டே அமைந்த அப்படை 1949 வரை நிலைத்தது. காலையிற் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணிய அதே மனிதரே வார இறுதியில் இலக்கு நோக்கிச் சுடப் பயின்றார். கொழுந்து பறித்தவரையும் பால் வெட்டியவரையும் துவக்குக்கு உரியவராக எந்தச் சட்டமும் கருதவில்லை. யப்பானியத் தளபதிகள் தம் உழவர் மக்களைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணமும் இதுவும் முற்றிலும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவது பயனுடையது.

1940ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் இதனைத் தெளிவாக்குகின்றன. அவ்வாண்டு ஜனவரி 10ஆம் நாள் முல்லோயாத் தோட்டத்திற் பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி இறந்தார். வேலைநிறுத்தம் ஊவாவுக்குப் பரவியது. பதுளை நீதவான் கூட்டங்களைத் தடை செய்தார். மே 12ஆம் நாள் என். எம். பெரேரா அத்தடையை மீறிப் பதுளையிற் பெருங்கூட்டத்தில் உரையாற்றினார். வேவெஸ்ஸத் தோட்டத்திலோ தொழிலாளர் தமக்கென ஒரு மன்றத்தைத் தெரிவு செய்தனர். அம்மன்றத்தைக் கலந்தே செயற்படத் துரையும் உடன்பட்டார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதம் தாங்கிய பொலிஸ் குழுவின் துவக்குகளைத் தொழிலாளர் பறித்துக்கொண்டனர். அதன்பின் அடக்குமுறை கடுமையாயிற்று. அதே நாட்களிற் பெய்த பெருமழையின் வெள்ளம் ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்து, ஆள்வோர்க்குத் துணை செய்தது. ஜூனில் சமசமாசத் தலைவர்கள் சிறை சென்றனர். 1942 ஏப்ரல் 7ஆம் நாள் இரவு, கொழும்பிற் குண்டு விழுந்து இரண்டு நாள் கழித்து, அவர்கள் கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து தப்பினர்.

வேவெஸ்ஸத் தொழிலாளர் பறித்த துவக்குகளின் வகை யாது என்ற ஆராய்ச்சி இங்கு வேண்டாதது. அவற்றைப் பறித்த கைகள் எவை என்பதே கருதத்தக்கது. யப்பானியத் துப்பாக்கி எவ்வளவு நுட்பமானதாயினும், இந்தக் கைகளுக்கு அது வந்து சேர்ந்திராது என்பதற்கு மலாயாவிலிருந்து சான்று உண்டு. தமிழகத்தின் ஒரே மாவட்டங்களிலிருந்து ஒரு சாரார் கண்டிச் சீமைத் தேயிலைக்கும் மற்றொரு சாரார் மலாயா இறப்பருக்கும் சென்றவர்கள். மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவரை யப்பானியர் சீயம்–பர்மா இருப்புப்பாதைக்கு வேலைக்கு இழுத்துச் சென்றனர். நோயாலும் பசியாலும் அங்கு மடிந்தோர் பலர். இன்னொரு பகுதியினர் 1943க்குப் பின் சுபாஸ் சந்திர போஸின் இந்திய தேசிய இராணுவத்தில் தாமாகச் சேர்ந்தனர். ஆசியரின் விடுதலைக்கென்று போர் தொடுத்ததாகக் கூறிய அரசு அவர்களுக்கு வழங்கியது பெரும்பாலும் பிரித்தானியரிடம் பிடிபட்ட பழைய துப்பாக்கிகளையே. தன் சொந்தக் காலாட்படைக்கே இல்லாத இயந்திரக் குறுந்துப்பாக்கியைத் தோட்டத்துக் கூலிக்கு அது கொடுத்திருக்கும் என எதிர்பார்ப்பது பேதைமை.

செய்யப்பட்ட சில ஆயிரம் நூறாம் வகைத் துப்பாக்கிகள் சிறப்புப் பிரிவினருக்கே, அவருள்ளும் வான்குடைப் படையினருக்கே, பெரிதும் சென்றன. 1945 மே 24ஆம் நாள் இரவு ஒக்கினாவாவின் யொன்தான் விமானத்தளத்தின்மீது 12 விமானங்களில் ஒரு தற்கொலைப் பிரிவு அனுப்பப்பட்டது. ஒரே விமானம் வயிற்றால் உராய்ந்து ஓடுபாதையில் இறங்கியது. அதிலிருந்து குதித்தவர்கள் இத்துப்பாக்கியை ஏந்தியிருந்தனர். அமெரிக்க விமானங்கள் சிலவற்றையும் எரிபொருட் கிடங்கையும் அழித்து, அவர்கள் மாண்டனர். பத்தாண்டுக்கு முன் சோதனைச்சாலையில் ஆயத்தமாயிருந்த ஒரு கருத்து, திரும்பி வரும் வழியில்லாதவர் கையிலேயே முழுப்பயன் பெற்றது.

நம்பூவின் நிறுவனம் போருக்குப்பின் புதுப் பெயரோடு மீண்டெழுந்து, யப்பானியப் பொலிசாருக்குக் கைத்துப்பாக்கிகள் செய்தது. 1975இல் மினேபியா என்னும் பெரிய நிறுவனத்தோடு கலந்தது. பின்னர் யப்பானின் தற்காப்புப் படை ஏற்றுக்கொண்ட துணை இயந்திரத் துப்பாக்கி மினேபியாவிற் செய்யப்பட்டது. இஸ்ரேலிய ஊசி துப்பாக்கியை ஒத்த அதன் ரவைக்கூடு, நம்பூவின் சோதனைத் துப்பாக்கிகளிற் போலவே, கைப்பிடிக்குட் செருகப்படுகின்றது.